குழல் முனையில் ஒரு மரை: துப்பாக்கி ஒலி அடக்கியும் தில்லி போட வேண்டிய கணக்கும்

புது தில்லி: பாதுகாப்பு அமைச்சகம் 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி இரண்டு தனியார் நிறுவனங்களுடன் ரூ.2,770 கோடி மதிப்பில் ஒப்பந்தம் செய்து கொண்டது. தரைப்படைக்கும் கடற்படைக்கும் 4.25 லட்சத்துக்கும் அதிகமான கார்பைன் துப்பாக்கிகளைத் துணைக்கருவிகளுடன் வழங்குவதற்கான ஒப்பந்தம் அது. புணேயைச் சேர்ந்த பாரத் ஃபோர்ஜ் நிறுவனமும், அதானி குழுமத்தைச் சேர்ந்த பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் நிறுவனமும் இவற்றைத் தயாரிக்கின்றன. பல பத்தாண்டுகளாக ராணுவத்தில் புழங்கிவரும் ஸ்டெர்லிங் 9 மி.மீ. கார்பைனுக்கு இதன் மூலம் ஒருவழியாக விடை கொடுக்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கார்பைனின் விலை சுமார் ரூ.65 ஆயிரம். இன்றைய சந்தையில் இது மிகக் குறைவான விலை. ஆனால், அதே கார்பைனின் குழல் முனையில் பொருத்துவதற்கு ஒரு தரமான ஒலி அடக்கி வாங்க வேண்டுமானால், அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் டாலர் அளவில் ஆகிறது. துப்பாக்கியை விட அதன் வாயை மூடும் கருவிக்கு அதிக விலை! அந்தக் கருவியை யாரிடம் வாங்கலாம், எத்தனை பேரிடம் விலை கேட்கலாம் என்பதை முடிவு செய்வது கருவி அல்ல. அதையும் குழலையும் இணைக்கும் இரண்டு அங்குல நீளத்துக்கும் குறைவான இணைப்பு.

துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் விலையும் பேசப்படும் அளவுக்கு இந்த இணைப்பு பேசப்படுவதில்லை. சிறிய விஷயம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு 1990-களில் படைகளுக்கு வந்த இன்சாஸ் துப்பாக்கியின் பெயர் 1999-ஆம் ஆண்டு கார்கில் போரில் கெட்டது. அதற்குக் காரணம் குழலோ, தோட்டாவோ அல்ல. பனிக்குளிரில் விரிசல் விட்ட பிளாஸ்டிக் மேகசின் போன்ற சிறு பாகங்களே அந்தத் துப்பாக்கியின் தலையெழுத்தை மாற்றின.

செவிக்காக ஒரு கருவி:

திரைப்படங்களில் வில்லன் மெல்லிய "உஷ்" சத்தத்துடன் சுடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒலி அடக்கி என்றாலே கொலைகாரனின் கருவி என்றுதான் தோன்றும். உண்மை வேறு. மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் உள்ள சைலன்சர் செய்யும் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. குண்டின் பின்னால் பீறிட்டு வரும் வெப்ப வாயுவை ஓர் உருளைக்குள் அடுத்தடுத்த தடுப்புத் தகடுகளில் மோதவிட்டு, வேகத்தைக் குறைத்து வெளியே விடுகிறது. குண்டு ஒலியை விட வேகமாகப் பறக்கும்போது காற்றில் எழும் வெடிப்போசையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ராணுவத் துப்பாக்கி ஒன்று சுடும்போது சுடுபவரின் காதருகே எழும் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். நொடிப்பொழுது எழும் ஓசையாக இருந்தாலும் 140 டெசிபலுக்கு மேல் போனால் செவி பாதிக்கப்படும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. ஒலி அடக்கி 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. எண் சிறியதாகத் தெரியலாம்; டெசிபல் கணக்கில் 30 குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியும் சத்தம் கேட்கும், நன்றாகவே கேட்கும். செவிப்பறை தப்பிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு வழங்கப்படும் ஊனமுற்றோர் உதவித்தொகைகளில் முதலிடத்தில் நிற்பது கை, கால் இழப்பு அல்ல; காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல் நோய்.

இந்தக் கருவிக்கு 1909-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்ஸிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிமின் மகன். தந்தை வெடிச் சத்தத்திலேயே வாழ்ந்து செவித்திறனை இழந்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் மரீன் படை, 2020-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தனது காலாட்பிரிவினர் அனைவருக்கும் ஒலி அடக்கி வழங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தரைப்படை 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்துக்கு வழங்கிய புதிய 6.8 மி.மீ. துப்பாக்கி ஒப்பந்தத்தில், ஒலி அடக்கி துப்பாக்கியின் ஒரு பாகமாகவே சேர்க்கப்பட்டது. பிரிட்டன் 2023-இல் தனது கமாண்டோ பிரிவுகளுக்குத் தேர்ந்தெடுத்த துப்பாக்கியும் ஒலி அடக்கியுடன்தான் வந்தது. சிறப்புப் படையினரின் ஆடம்பரமாக இருந்தது சாதாரணச் சிப்பாயின் கைக்கு வந்து கொண்டிருக்கிறது. இந்தியா இதிலிருந்து நீண்ட நாள் விலகி நிற்க முடியாது.

திருகுவதா, பூட்டுவதா?

ஒலி அடக்கியைக் குழலுடன் இணைக்கும் முறைகளில் மிகப் பழையதும் எளியதும் நேரடியாகத் திருகுவது. குழல் முனையில் மரை வெட்டி, பாட்டிலுக்கு மூடி திருகுவதைப் போல் திருகிவிடலாம். எடை குறைவு, விலை குறைவு, பழுதாக அதில் ஒன்றுமில்லை. நீண்ட தொலைவு குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் வீரர்கள் இதைத்தான் விரும்புகின்றனர். அவர்கள் ஒலி அடக்கியைக் கழற்றுவதே இல்லை; அதைப் பொருத்திய நிலையிலேயே குறியைச் சரிசெய்து கொள்கின்றனர். எல்லையில் பாகிஸ்தான் தரப்பின் ஸ்னைப்பர் தாக்குதல்களைச் சமாளிக்க 2019-ஆம் ஆண்டில் ராணுவத்தின் வடக்குப் பிராந்தியம் இத்தாலியின் பெரெட்டா, அமெரிக்காவின் பாரெட் ஆகிய நிறுவனங்களிடமிருந்து அவசரமாக வாங்கியது போன்ற துப்பாக்கிகளுக்கு இந்த முறையே போதும்.

சாதாரணச் சிப்பாய்க்குப் போதாது. தொடர்ந்து சுடும்போது ஏற்படும் அதிர்விலும் வெப்பத்திலும் திருகு தளரும். அவ்வப்போது கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் கையால் தொட முடியாத சூட்டில் அது இருக்கும். தளர்ந்த ஒலி அடக்கியின் அச்சு குழலின் அச்சிலிருந்து இம்மி விலகினாலும் குண்டு உள்ளே உள்ள தகட்டில் உரசும். ஓர் உரசலில் குறி தவறும். மோதினால் கருவியே சிதறும். இன்னொரு தொல்லையும் உண்டு. குழல் முனையில் ஏற்கெனவே உள்ள சுடர் மறைப்பானைக் கழற்றிய பிறகுதான் இதைத் திருக முடியும். இருட்டில், குளிரில், கையுறையுடன் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகிக் கொண்டிருக்க எந்தப் போர்க்களமும் அவகாசம் தருவதில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பூட்டு முறை. சுடர் மறைப்பான் குழலிலேயே நிரந்தரமாக இருக்கும். அதன் மீது ஒலி அடக்கியைச் செருகி ஒரு தாழ்ப்பாளையோ பல்சக்கர வளையத்தையோ அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நொடி வேலை. அமெரிக்கப் படைகள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் இந்த வழியில்தான் சென்றுள்ளன.

எளிதாகக் கழற்றவும் மாட்டவும் வேண்டும் என்றால் பாகங்களுக்கிடையே சிறிது இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் குண்டு விழும் இடம் சற்று மாறும். ஒலி அடக்கி மாட்டினால் குறி மாறுவது இயல்பு, அதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே திசையில் மாறுகிறதா என்பதே கேள்வி. நூறு மீட்டரில் சுடும் கார்பைனுக்கு இது பெரிய குறையல்ல. ஐந்நூறு மீட்டரில் சுட வேண்டிய 7.62 மி.மீ. துப்பாக்கிக்கு இது உயிர் போகும் குறை. தவிரவும், வெடிமருந்துக் கரி பூட்டுக்குள் படிந்து இறுகிவிட்டால் எளிதில் கழற்றலாம் என்ற வசதியே கேலிக்கூத்தாகிவிடும்.

அண்மைக் காலத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறை வலுப்பெற்று வருகிறது. சுடர் மறைப்பானின் ஒரு பகுதி கூம்பு வடிவில் கடையப்படுகிறது. ஒலி அடக்கியின் உட்புறமும் அதற்கேற்ற கூம்பு. இரண்டும் ஒன்றில் ஒன்று அமரும்போது அச்சைச் சரியாக நிறுத்தும் வேலையைக் கூம்பு பார்த்துக்கொள்கிறது; மரை இறுக்கிப் பிடிக்க மட்டுமே. வாயு மரைக்குள் நுழையாமல் கூம்பே அடைத்துவிடுவதால் கரி படிவதும் குறைகிறது. சில வடிவமைப்புகளில் ஒலி அடக்கிக்கான மரை இடப்பக்கம் திருகுவதாக வைக்கப்படுகிறது. கழற்றும்போது அடியில் உள்ள சுடர் மறைப்பானும் சேர்ந்து கழன்று வந்துவிடக் கூடாது என்பதற்காக. பட்டறையில் வேலை பார்த்த எவருக்கும் இந்தத் தந்திரம் புரியும். பூட்டு முறையை விடச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். ஆனால் குறி மாறாது. காலாட்படைக்கு இதுவே பொருத்தம் என்ற முடிவுக்கு வர நியாயமான காரணங்கள் உள்ளன.

குழலோடு சேர்ந்தே பிறக்கும் ஒலி அடக்கிகள் தனி வகை. தேசிய பாதுகாப்புப் படையின் கறுப்புப் பூனைகள் கையில் நாடு பார்த்துப் பழகிய எம்.பி.5 துப்பாக்கியின் எஸ்.டி. வகை இப்படிப்பட்டது. குறுகிய தூரத்துக்கு மட்டுமே பயன்படும் என்பதால் பெரும்படைக்கு இது ஒத்துவராது.

மூன்று நாடு, மூன்று முனை:

இனி இந்தியாவின் கையில் உள்ள துப்பாக்கிகளைப் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 சிக்-716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2024 ஆகஸ்டில் மேலும் 73 ஆயிரம் துப்பாக்கிகள், ரூ.837 கோடி. இவற்றின் குழல் முனையில் இருப்பது அமெரிக்க அங்குல அளவு: எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை.

ரஷியாவுடன் 2021 டிசம்பர் 6-ஆம் தேதி கையெழுத்தானது ஏ.கே.-203 ஒப்பந்தம். உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் 6,01,427 துப்பாக்கிகளை இந்திய-ரஷிய கூட்டு நிறுவனம் தயாரிக்க வேண்டும், மதிப்பு ரூ.5 ஆயிரம் கோடிக்கு மேல். ஏ.கே.-74 தொடங்கி வரும் இந்தக் குடும்பத்தின் மரபு 24 மி.மீ. மரை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த மரபில் மரை வெட்டப்படுவது குழலில் அல்ல. குழல் மீது அழுத்திப் பொருத்தப்படும் முன்குறிக் கட்டையில். கட்டை எள்ளளவு சாய்ந்து பொருத்தப்பட்டால் மரையும் சாயும்; ஒலி அடக்கியும் சாயும். சுடர் மறைப்பானுக்கு அந்தச் சாய்வு ஒரு பொருட்டே இல்லை. சுமார் 20 செ.மீ. நீளமுள்ள உருளைக்கு அது விபத்து.

இதற்கு முன் காஷ்மீரிலும் வடகிழக்கிலும் பயன்படுத்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வாங்கிய பழைய ஏ.கே.எம். வகைகளில் 14 மி.மீ. இடப்பக்க மரை. இப்போது வரும் கார்பைன்களிலும் இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு பூர்வீகம். பாரத் ஃபோர்ஜ் தயாரிப்பது புணேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவன ஆய்வகத்தின் வடிவமைப்பு. மத்தியப் பிரதேசத்தின் மாளன்பூரில் ஆலை வைத்துள்ள பி.எல்.ஆர். நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டாளி இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ.

அமெரிக்கா, ரஷியா, இஸ்ரேல் என்று மூன்று நாடுகளிடமும் ஆயுதம் வாங்குவது வெளியுறவுக் கொள்கையில் சாமர்த்தியமாக இருக்கலாம். ஆயுதக் கிடங்கில் அது தலைவலி. பூட்டு முறை ஒலி அடக்கிகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சொத்து. ஒருவர் செய்த தாழ்ப்பாளில் மற்றவர் செய்த உருளை பூட்டாது. எனவே, துப்பாக்கியுடன் வரும் சுடர் மறைப்பான் எந்த நிறுவனத்தின் வடிவமோ, அந்த நிறுவனத்திடம்தான் அடுத்த 25, 30 ஆண்டுகளுக்கு ஒலி அடக்கி வாங்கியாக வேண்டும். அச்சு இயந்திரத்தைக் குறைந்த விலைக்குத் தந்துவிட்டு அதன் மையில் வசூலிக்கும் வியாபாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளில் பத்தில் ஒன்றுக்கு ஒலி அடக்கி வாங்கினாலும், ஒரு லட்சம் ரூபாயை ஒரு லட்சத்தால் பெருக்கிப் பார்த்தால் ஆயிரம் கோடி வருகிறது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கச் சந்தை ஒரு வழி கண்டுபிடித்தது என்பது சுவையான செய்தி. அங்கு 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலி அடக்கிக்கு 200 டாலர் வரி இருந்தது. 2025-இல் நிறைவேறிய சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யமாகிவிட்டது, பதிவு செய்யும் கட்டாயம் மட்டும் தொடர்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் வேட்டைக்காரர்களும் போட்டியாளர்களும் ஒரே நிறுவனத்துடன் கட்டுண்டு கிடக்க விரும்பவில்லை. இதனால் ஒலி அடக்கியின் பின்புறத் துளைக்கு 1.375 அங்குலம் என்ற ஒரே அளவை நிறுவனங்கள் பலவும் தாமாகவே ஏற்றுக்கொண்டன. யாருடைய உருளையிலும் யாருடைய இணைப்பையும் திருகிக்கொள்ளலாம். அரசு ஆணை எதுவும் இல்லாமல் சந்தை செய்த காரியம் இது. ஒரே வாங்குபவரான இந்திய அரசு நினைத்தால் ஒரு வரைபடத்தில் இதைச் செய்து முடிக்கலாம்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. ஒலி அடக்கி பொருத்தும்போது வாயு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. துப்பாக்கியின் இயக்கம் வேகமாகிறது. புகை சுடுபவரின் முகத்தில் அடிக்கிறது. ஏ.கே. வகைக்கு ஏற்றது சிக் வகைக்கு ஏற்றதாக இருக்காது. அதைவிட முக்கியமாக, எல்லா முனைகளும் ஒரே அளவாகிவிட்டால் 5.56 மி.மீ. கார்பைனின் ஒலி அடக்கியை அவசரத்தில் 7.62 மி.மீ. துப்பாக்கியில் ஒருவர் மாட்டிவிடும் அபாயம் உண்டு. பெரிய குண்டு சிறிய துளையில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 5.56-க்கு அரை அங்குல மரையும் 7.62-க்குப் பெரிய மரையும் வழக்கத்தில் இருப்பது இந்த வகையில் ஒரு பாதுகாப்பு. ஆகவே, நாடு முழுவதற்கும் ஒரே மரை என்பது அசட்டுத்தனம். தோட்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு மரை, அது குழலிலேயே வெட்டப்பட வேண்டும், கூம்பு அமர்விடம் வேண்டும், அதன் வரைபடம் அரசின் சொத்தாக இருக்க வேண்டும் என்று கேட்பதே பொருத்தம். கார்பைன்கள் முழு அளவில் ஆலையை விட்டு வெளிவரும் முன் இதைக் கேட்டால் செலவு குறைவு. நான்கு லட்சம் குழல்கள் கடைந்து முடிந்த பிறகு கேட்டால் இன்னொரு டெண்டர்.

திருப்பதிச் சாலையில்:

ராணுவத்தை விட்டு மாநிலக் காவல் துறைக்கு வந்தால் இதே இணைப்பு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. அந்தக் கேள்வியைத் தமிழக வாசகருக்கு நெருக்கமாகக் காட்டும் இடம் திருப்பதி.

சென்னையிலிருந்து பேருந்தில் திருப்பதிக்குச் செல்பவர்கள் கடந்து போகும் ஊர் புத்தூர். 2013 அக்டோபர் 5-ஆம் தேதி அதிகாலை, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊரின் குடியிருப்புத் தெரு ஒன்றில், தேடப்பட்டு வந்த இருவர் பதுங்கியிருந்த வீட்டைத் தமிழகக் காவல் துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவினர் சுற்றி வளைத்தனர். உள்ளே நுழைந்த தமிழக ஆய்வாளர் ஒருவர் வெட்டுக் காயமடைந்தார். ஆந்திர அரசின் ஆக்டோபஸ் கமாண்டோக்களும் வரவழைக்கப்பட்டனர். அந்த வீட்டுக்குள் பெண்ணும் குழந்தைகளும் இருந்தனர். பல மணி நேர முற்றுகைக்குப் பின் இருவரும் பிடிபட்டனர்.

சிறிய அறை, கான்கிரீட் சுவர், உள்ளே குழந்தைகள். அங்கே ஒரு துப்பாக்கி முழங்கினால் சுட்டவருக்கும் சக வீரருக்கும் சில நிமிடங்களுக்கு ஆணைகள் கேட்காது. பக்கத்தில் இருப்பவர் "நிறுத்து" என்று கத்தினாலும் கேட்காது. ஒலி அடக்கியின் தேவைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2007-இல் உருவாக்கப்பட்ட ஆக்டோபஸ் படை திருமலைப் பாதுகாப்பிலும் ஈடுபடுத்தப்படுகிறது. 2003 அக்டோபர் 1-ஆம் தேதி அலிபிரியில் அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் வாகன அணிவகுப்பைக் குறிவைத்துக் கண்ணிவெடிகள் வெடித்த ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று, பத்ம சரோவரத்தில் ஒரே நேரத்தில் நீராடப் பெருங்கூட்டம் திரளும். படிக்கட்டு, தண்ணீர், குறுகிய வாசல்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே காவலுக்கு நிற்பவர் தோளில் தொங்கும் துப்பாக்கி ஒருமுறை வெடித்தால், குண்டை விட அந்த ஓசை எழுப்பும் பீதியே அதிகம் பேரைக் கொல்லும். 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவு வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில், எந்த வெடிச் சத்தமும் இல்லாமலே நெரிசல் ஏற்பட்டு 6 பேர் உயிரிழந்தனர். தமிழகத்தைச் சேர்ந்தவரும் அவர்களில் ஒருவர்.

ஆனால், அதே திருப்பதியிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்பது சேஷாசலம் மலை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்ட மலைக் கிராமங்களைச் சேர்ந்த ஏழைகள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல் துறை கூறியது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போய்ச் சுட்டனர் என்று உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் குற்றம்சாட்டின. தேசிய மனித உரிமை ஆணையம் வரை சென்ற வழக்கு அது. அந்தச் சம்பவத்தில் ஒலி அடக்கி பேசப்படவே இல்லை. ஆனால், அப்படிப்பட்ட காட்டில் அப்படிப்பட்ட படைக்கு ஒலி அடக்கி வழங்கப்பட்டால் என்ன ஆகும் என்று ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.

அரசு சொல்லக்கூடிய பதிலின் ஒரு பாதி நியாயமானதே. ஒலி அடக்கி துப்பாக்கியை ஊமையாக்குவதில்லை. ஒலியை விட வேகமாகச் செல்லும் குண்டின் வெடிப்போசை மலையில் எதிரொலிக்கத்தான் செய்யும். எங்கிருந்து சுட்டார்கள் என்பதுதான் கேட்பவருக்குப் புலப்படாது. மறு பாதி இணைப்பில் இருக்கிறது. திருகி மாட்டியது துப்பாக்கியோடு இருக்கும், பார்த்தால் தெரியும். எம்.பி.5 எஸ்.டி. போலக் குழலோடு பிறந்ததை மறைக்கவே முடியாது. பூட்டு முறையில் மாட்டியதை இரண்டு நொடியில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்போது அது சாதாரணத் துப்பாக்கி. எந்தத் துப்பாக்கியை யார் எடுத்துச் சென்றார், எத்தனை தோட்டா திரும்பி வந்தது என்று காவல் நிலைய ஆயுதப் பதிவேடு சொல்லும். ஒலி அடக்கிக்கும் தனி எண், தனிப் பதிவு வேண்டும் என்பது அதனால்தான்.

ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின் முதல் அட்டவணை, துப்பாக்கியின் ஓசையையோ சுடரையோ குறைக்கும் துணைக்கருவிகளைத் தானியங்கித் துப்பாக்கிகள் இடம்பெறும் அதே முதல் வகையில் வைத்துள்ளது. கருவியைத் துப்பாக்கிக்குச் சமமாகச் சட்டம் மதிக்கிறது. பொதுமக்களுக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பை அரசின் சொந்தக் கிடங்குக்கும் காட்டினால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

திருச்சியின் பங்கு:

இந்த விவகாரத்தில் தமிழகத்துக்கு இன்னொரு அக்கறையும் இருக்கிறது. 1966-இல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. ஏ.கே. வகைத் தோட்டாவைப் பயன்படுத்தும் "திருச்சி அசால்ட் ரைபிள்" இங்கே உருவானது. அதன் சுருங்கிய வடிவமாகத் "திருச்சி கார்பைன்" 2020-இல் வந்தது. இருந்தும் ஆறு லட்சம் ஏ.கே.-203 அமேதிக்குப் போனது. நான்கேகால் லட்சம் கார்பைன் புணேவுக்கும் மாளன்பூருக்கும் போனது.

துப்பாக்கி கையை விட்டுப் போய்விட்டது. ஒலி அடக்கி போகவில்லை. உலோகத்தைத் துல்லியமாகக் கடையத் தெரிந்த எந்த ஆலைக்கும் எட்டும் பொருள் அது. துவாக்குடி, அரியமங்கலம் வட்டாரங்களில் பெல் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்து கொடுத்துவிட்டு இப்போது ஆர்டருக்குக் காத்திருக்கும் சிறு பட்டறைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. மத்திய பாஜக அரசு 2018-இல் அறிவித்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. சென்னை, கோவை, சேலம், ஒசூர் மற்றவை.

ஆனால், இணைப்பின் வரைபடம் அமெரிக்க நிறுவனத்தின் பெட்டியிலோ இஸ்ரேல் நிறுவனத்தின் பெட்டியிலோ பூட்டப்பட்டிருக்கும் வரை திருச்சியால் டெண்டர் போடக்கூட முடியாது. கார்பைன் ஒப்பந்தத்தில் "துணைக்கருவிகள்" என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் குழல் முனையின் வரைபடமும் அடங்குமா என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் உள்ள தமிழக உறுப்பினர்கள் யாரேனும் எழுத்துமூலம் கேட்டால், ஒரு பக்கத்துக்குள் பதில் கிடைத்துவிடும்.